கொடுத்த பட்டத்தை இறக்குவது எப்படி? மயிலாடியிலிருந்து ஒரு கல்லெழுத்துக்காரர்

தொழிலில் கொடிகட்டிப் பறந்த ஒருவருக்கு ஊர் கூடிப் பட்டம் கொடுத்து, பொன்னாடை போர்த்தி, கல்லில் பெயரும் பொறித்தாயிற்று. நாலைந்து வருஷம் கழித்து அவர் கம்பெனி வாசலில் பூட்டு தொங்குகிறது, பணம் போட்டவர்கள் கலெக்டர் ஆபீஸ் முன்னால் நிற்கிறார்கள். இப்போது அந்தப் பட்டத்தை என்ன செய்வது, கல்லை என்ன செய்வது?

நூலகச் சங்கத்துக்காரர்கள், பழைய மாணவர் சங்கத்துக்காரர்கள், கோயில் கமிட்டிக்காரர்கள் என்று யாராவது இந்தக் கேள்வியோடு எங்கள் பட்டறைக்கு வருவதுண்டு. குமரி மாவட்டத்து மயிலாடியில் சிலை வடிப்பவர்களுக்குத்தான் பெயர். நான் எழுத்து மட்டும் வெட்டுகிறவன். அடிக்கல், திறப்பு விழாக் கல், கல்லறைக் கல், நன்கொடையாளர் பட்டியல் இவைதான் என் பிழைப்பு. வருகிறவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

என் பதில்: பட்டத்தை எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஆனால் ஒரு கல்லில் இரண்டு வகைச் சங்கதி இருக்கிறது. "இன்னார் இந்த ஆண்டு இவ்வளவு கொடுத்தார்" என்பது நடந்த விஷயம். "கல்விக் காவலர்", "கொடைவள்ளல்", "ஏழைகளின் விடிவெள்ளி" என்பதெல்லாம் நாம் ஏற்றி வைத்தது. ஏற்றி வைத்ததை இறக்குங்கள். நடந்ததை அழிக்காதீர்கள். கீழே நான் சொல்வது எல்லாம் இந்தக் கணக்கில்தான்.

முதலில் கல்லைத் தொடாதீர்கள்

ஒருநாள் அந்தி நேரத்தில் ஒரு டெம்போ வந்து நின்றது. மேற்கே ஒரு கிராமத்திலிருந்து மூன்று பேர், சாக்கில் சுற்றிய கருப்புக் கிரானைட் பலகை. நிதி நிறுவனம் நடத்தி, மூடி, ஆளே ஊரில் இல்லாமல் போன ஒருவர் பெயர் அதில் பெரிய எழுத்தில் இருந்தது. மறுநாள் ஆண்டு விழாவாம்.

"ராத்திரியோட ராத்திரியா அந்தப் பேரை மட்டும் எடுத்துத் தாங்க அண்ணாச்சி. வெளிய யாருக்கும் தெரியாண்டாம்."

"தீர்மானம் போட்டாச்சா?"

"அதெல்லாம் பெறகு பாத்துக்கிடலாம்."

நான் செய்து கொடுக்கவில்லை. கல்லைத் திருப்பி ஏற்றி அனுப்பிவிட்டேன். காரணம் சொல்கிறேன். ராத்திரியில் பெயரை எடுத்தால் யாருக்கு லாபம்? பட்டம் கொடுத்த கமிட்டிக்குத்தான். மேடையில் மாலை போட்ட கை தங்களுடையது என்பது மறைந்துவிடும். பணம் போட்டு ஏமாந்த ஆசிரியைக்கோ, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த நகையை விற்று டெபாசிட் போட்ட மீனவர் குடும்பத்துக்கோ அதில் ஒன்றும் இல்லை. மைக் வைத்துக் கொடுத்ததை மைக் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று, கல்லும் ஒத்துக்கொள்ளாது. பாலிஷ் போட்ட கிரானைட்டில் எழுத்து மேல்பூச்சு இல்லை, உள்ளே இறங்கிய பள்ளம். பெயரை எடுக்க வேண்டுமென்றால் அந்தப் பள்ளத்தின் ஆழத்துக்கு அந்த இடத்தைக் கிரைண்டரில் தேய்க்க வேண்டும். தேய்த்த இடம் கிண்ணம் போலக் குழிந்துவிடும். அங்கே மட்டும் பாலிஷ் ஏற்றினாலும் மற்ற இடத்தின் கருப்பு வராது, சாம்பல் நிறத்தில் நிற்கும். வருகிறவர்கள் கண் நேராக அங்கேதான் போகும். சிலர் கல்பொடியையும் பசையையும் குழைத்துப் பள்ளத்தை அடைத்துத் தரச் சொல்வார்கள். வெயில் காலத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மழை பெய்து கல் நனையட்டும், கல் ஒரு நிறம், பசை ஒரு நிறம், பெயர் முழுசாக எழுந்து நிற்கும். நம் மாவட்டத்தில் மழைக்குப் பஞ்சமில்லை.

கொடுத்தவர் யாரோ, அவரே எடுக்க வேண்டும்

அடுத்து, அந்தக் கௌரவம் யார் கொடுத்தது என்று பாருங்கள். இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

பத்ம விருதுகள் 1954-ல் தொடங்கின. கொடுப்பவர் குடியரசுத் தலைவர். ரத்து செய்யும் அதிகாரமும் அவருக்கே என்று விதியில் இருக்கிறது. ரத்தானால் பதிவேட்டிலிருந்து பெயர் போகும், பதக்கத்தையும் சன்னதையும் (விருதுப் பத்திரம்) திருப்பிக் கொடுக்க வேண்டும். நம் சங்கம் தீர்மானம் போட்டு ஆகப் போவது ஒன்றுமில்லை, கோரிக்கை வேண்டுமானால் அனுப்பலாம். இதோடு சேர்த்து ஒரு விஷயம்: 1995 டிசம்பரில் பாலாஜி ராகவன் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த விருதுகள் அரசியல் சட்டத்தின் 18-ஆவது பிரிவு தடை செய்யும் பட்டங்கள் அல்ல, ஆனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டிப் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. ஆகவே பெயருக்கு முன்னால் "பத்மஸ்ரீ" வெட்டச் சொல்லி என்னிடம் வராதீர்கள், நேர்மையானவராக இருந்தாலும் சரி.

வெளிநாட்டிலும் இதே கதைதான். பிரிட்டன் தபால் துறையின் தலைமை நிர்வாகியாக இருந்தவர் பவுலா வென்னல்ஸ். ஹொரைசன் என்ற கம்ப்யூட்டர் கணக்கு தப்புத் தப்பாகக் காட்டியதை நம்பி, கிளை அஞ்சலகம் நடத்திய 900-க்கும் மேற்பட்டவர்கள் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள். இது 1999-லிருந்து 2015 வரை நடந்தது. சிலர் ஜெயிலுக்குப் போனார்கள், சிலர் வீட்டை விற்றுக் கட்டினார்கள். இவ்வளவுக்குப் பிறகு 2019 புத்தாண்டில் அந்த அம்மாவுக்கு சி.பி.இ. என்ற அரச விருது! 2024 ஜனவரியில், 12 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்ட பிறகு, "திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்" என்றார். ஆனால் அவர் சொன்னதோடு விருது போய்விடவில்லை. பிப்ரவரியில் மன்னர் ரத்து செய்த பிறகுதான் போனது.

பாதிக்கப்பட்டவர்களுக்காகப் பல வருஷம் வழக்காடிய ஆலன் பேட்ஸுக்கு இடையில் ஒரு விருது வந்தது. அந்த அம்மாவிடம் சி.பி.இ. இருக்கும்வரை எனக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டார். பிறகு 2024-ல் சர் பட்டம் ஏற்றுக்கொண்டார். பட்டம் வெறும் வார்த்தைதானே, விட்டுவிடலாமே என்று சொல்பவர்களுக்கு நான் இவரைத்தான் காட்டுவேன். ஏமாந்தவனுக்கு அது வார்த்தை இல்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். அரசுப் பள்ளிச் சுவரில் இருக்கும் கல் என்றால் தலைமை ஆசிரியர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள். நீங்களே கடப்பாரை எடுத்தால் பொதுச்சொத்துச் சேத வழக்கு உங்கள் மேல் வரும். அறநிலையத் துறைக் கோயில் என்றால் சுசீந்திரத்தில் உள்ள அலுவலகம். தேவாலயம் என்றால் பங்குப் பேரவையோ சபைக் கமிட்டியோ. தெருப்பெயர் என்றால் பஞ்சாயத்து, பேரூராட்சி, அல்லது நாகர்கோவில் மாநகராட்சி மன்றம். சங்கத்துக்குச் சொந்தமான கட்டடம் என்றால் மட்டும் முடிவு முழுக்க உங்கள் கையில்.

எப்போது எடுப்பது?

இதுதான் கஷ்டமான இடம். நிதானமாகப் போவோம்.

புகார் வந்த அன்றே எடுத்துவிட வேண்டும் என்று சிலர். கடைசி மேல்முறையீடு முடியும்வரை கைவைக்கக் கூடாது என்று சிலர். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: எதற்காகக் கொடுத்த பட்டமோ, அந்த விஷயமே பொய்யாகிவிட்டதா?

சத்யம் கம்ப்யூட்டர்ஸுக்கு 2008 செப்டம்பரில் நல்ல நிர்வாகத்துக்கான கோல்டன் பீகாக் விருது கிடைத்தது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜுவே, கணக்கில் இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டி வந்தோம் என்று கடிதம் எழுதிவிட்டார். விருதைத் திரும்பப் பெற்றார்கள். கோர்ட்டில் தண்டனை வந்தது 2015-ல். அதுவரை காத்திருந்தால் ஊர் சிரித்திருக்கும். நல்ல நிர்வாகம் என்று கொடுத்தோம், நிர்வாகமே பொய் என்று அவரே சொல்லிவிட்டார், பிறகு என்ன யோசனை?

பிரெட் குட்வின் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தை நடத்தியவர். வங்கித் தொழிலுக்குச் செய்த சேவைக்கென்று 2004-ல் சர் பட்டம். 2008-லும் 2009-லுமாக அந்த வங்கியைக் காப்பாற்ற பிரிட்டன் அரசு 4500 கோடி பவுண்டு போட வேண்டி வந்தது. 2012-ல் பட்டத்தை ரத்து செய்தார்கள். அவர்மேல் எந்தக் குற்றமும் கோர்ட்டில் நிரூபணமாகவில்லை. கூட்டத்தின் கோபத்துக்கு ஆளைப் பலி கொடுத்துவிட்டார்கள் என்று அப்போதே பேச்சு எழுந்தது. என்னைக் கேட்டால் எடுத்தது சரிதான். பட்டம் வங்கியை நடத்தியதற்கு. வங்கி விழுந்துவிட்டது. ஜெயிலில் போடத்தான் குற்றம் நிரூபணமாக வேண்டும், பாராட்டை நிறுத்த அவ்வளவு தேவையில்லை.

எச்.பி.ஓ.எஸ். என்ற இன்னொரு பிரிட்டன் வங்கியை நடத்திய ஜேம்ஸ் கிராஸ்பி வேறு மாதிரி. 2013-ல் அந்த வங்கி விழுந்ததைப் பற்றி நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை வந்ததும் தன் சர் பட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தானே கேட்டார், ஓய்வூதியத்தில் ஒரு பகுதியையும் விட்டுக்கொடுத்தார். உங்கள் ஊர்க்காரருக்கு முதலில் இந்த வழியைத் திறந்து வையுங்கள். தீர்மானத்துக்கு முன்னால் ஒரு கடிதம்: "நீங்களாகவே பட்டத்தை ஒப்படைக்க விரும்புகிறீர்களா?" ஸ்பீட் போஸ்ட்டில், பெற்றுக்கொண்டதற்கான சான்றோடு. பதில் வராது என்று தெரிந்தாலும் அனுப்புங்கள்.

இப்போது எதிர்ப்பக்கம். அவசரப்படாதீர்கள் என்று நான் சொல்வதற்கு நம் மண்ணிலேயே காரணம் இருக்கிறது. 1938-ல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி விழுந்தது. 1956 வரை நம் மாவட்டமும் அந்தப் பக்கம்தானே. வங்கியை நடத்திய கே.சி. மாம்மன் மாப்பிள்ளையும் சி.பி. மாத்தனும் சிறைக்குப் போனார்கள். மாப்பிள்ளையின் மலையாள மனோரமா பத்திரிகைக்கும் அதே ஆண்டில் பூட்டுப் போட்டார்கள். திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் அரசியல் பகைதான் இதற்கெல்லாம் காரணம் என்று பலர் சொன்னார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பத்திரிகை திரும்ப வந்தது, மாத்தன் 1952-ல் எம்.பி. ஆனார். அன்றைக்கு யாராவது அவர் பெயரைக் கல்லிலிருந்து கொத்தி எடுத்திருந்தால், பிறகு எங்கே போய் ஒட்டுவது?

அதற்கும் முன்னால் போனால், பின்னாளில் திருவிதாங்கூரின் தளவாய், அதாவது தலைமை அமைச்சர், ஆன வேலுத்தம்பி. காரியக்காரராக, அதாவது தாசில்தாராக இருந்த காலத்தில், 1799-ல், மக்களைக் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரம் போனார். பணம் பிடுங்கிய அமைச்சர்களின் பதவி போனது. அவர்களில் மாத்து தரகன் என்ற பெரிய வியாபாரியும் ஒருவர். அவருக்குக் காதையே அறுத்தார்கள். பத்து வருஷத்தில் சக்கரம் சுழன்றது. 1809-ல், ஆங்கிலேயரை எதிர்த்த வேலுத்தம்பியின் உடலையே கண்ணம்மூலையில் காட்சிக்குத் தொங்கவிட்டார்கள். இன்று திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் அவருக்குச் சிலை நிற்கிறது.

ஆகவே ஒரு இடைவழி: புகார் நிலையில் பட்டத்தை "நிறுத்தி வைக்கிறோம்" என்று மட்டும் தீர்மானம் போடுங்கள். அழைப்பிதழில் பட்டம் போட வேண்டாம், மேடைக்குக் கூப்பிட வேண்டாம். வழக்கு எண்ணை வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் அவ்வப்போது பாருங்கள். எப்.ஐ.ஆர். என்பது வேறு, குற்றப்பத்திரிகை வேறு, தீர்ப்பு வேறு. டீக்கடையில் மூன்றும் ஒன்றாகத்தான் கேட்கும். அவரே ஒப்புக்கொண்டாலோ, தண்டனை வந்தாலோ, பட்டம் கொடுத்த காரணமே பொய் என்று தெளிவானாலோ, ரத்து செய்யுங்கள்.

பணத்தை மறக்காதீர்கள்

பிலிப் கிரீன் என்ற கடைக்காரர், 2006-ல் சர் ஆனவர், பி.எச்.எஸ். என்ற பெரிய கடைச் சங்கிலியை 2015-ல் ஒரே ஒரு பவுண்டுக்கு விற்றார். அடுத்த வருஷம் அது மூழ்கியது. ஏறக்குறைய 11,000 பேருக்கு வேலை போனது, ஓய்வூதிய நிதியில் பெரிய ஓட்டை. பட்டத்தைப் பறிக்க வேண்டும் என்று பிரிட்டன் எம்.பி.க்கள் 2016-ல் தீர்மானம் போட்டார்கள். 2017-ல் அவர் ஓய்வூதிய நிதிக்கு 36 கோடி பவுண்டுக்கு மேல் தர ஒப்புக்கொண்டார். பட்டம் அவரிடமே இருந்துவிட்டது. பணம் கட்டிப் பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார் என்று திட்டியவர்கள் உண்டு. அந்த ஓய்வூதியக்காரர் நீங்களாக இருந்தால் எதைக் கேட்பீர்கள்? நான் பணத்தைத்தான் கேட்பேன். பறிக்காமல் வைத்திருக்கும்வரை, பணத்தைக் கேட்க அந்தப் பட்டம் ஒரு பிடிமானம். பறித்த பிறகு அதுவும் இல்லை.

தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டின் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப் பிரிவு விசாரிக்கும், சொத்துகளை முடக்கி, ஏலம் விட்டு, பணம் போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வழி உண்டு. உங்கள் ஊரில் ஏமாந்தவர்கள் முறையாகப் புகார் கொடுத்துவிட்டார்களா என்று பாருங்கள். ரசீதை வைத்துக்கொண்டு வெட்கத்தில் வீட்டுக்குள் இருப்பவர்கள் நிறையப் பேர். கல்லைப் பற்றிய கூட்டத்துக்கு ஆள் திரட்டுகிற வேகத்தில் பாதியை அவர்களைப் புகார் கொடுக்க அழைத்துப் போவதற்குச் செலவழித்தால் நல்லது.

அப்புறம், உங்கள் கலையரங்கம் எந்தப் பணத்தில் கட்டியது? டெபாசிட் பணமாக இருந்தால் கமிட்டிக்கும் பொறுப்பு வரலாம். வக்கீலைப் பார்த்துவிட்டு மேலே பேசுங்கள்.

தீர்மானமும் வாசகமும்

சங்கத்தின் துணைவிதிப்படி நோட்டீஸ் கொடுத்து பொதுக்குழுவைக் கூட்டுங்கள். நிர்வாகக் குழு மட்டும் போதும் என்று யாராவது சொன்னால், பட்டம் கொடுத்தது எந்தக் குழு என்று மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். கொடுத்த குழுவே எடுக்க வேண்டும். அவர் குடும்பத்தில் யாராவது பேச விரும்பினால் பேச விடுங்கள். மனைவி, பிள்ளைகள் பெயரில் தனியாக வைத்திருக்கும் எதையும் இதோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

தீர்மானத்தில் கோபம் வேண்டாம். "மோசடிப் பேர்வழி" என்று எழுதினால் அவதூறு வழக்கு வரும். பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-ஆவது பிரிவு அதற்கென்றே இருக்கிறது. புதுக் கல்லுக்கு நான் கொடுக்கும் வாசகம் இப்படி இருக்கும்:

"இக்கலையரங்கம் (ஆண்டு) திரு. (பெயர்) அளித்த நன்கொடையில் கட்டப்பட்டது. அவர் நடத்திய நிறுவனம் தொடர்பான வழக்கில் (நீதிமன்றம்) (தேதி) அன்று வழங்கிய தீர்ப்பைத் தொடர்ந்து, அவருக்கு இச்சங்கம் அளித்த 'கல்விக் காவலர்' பட்டம் (தேதி) பொதுக்குழுத் தீர்மானத்தால் திரும்பப் பெறப்பட்டது."

இதற்கு மேல் ஒரு அடைமொழி கூட வேண்டாம். கூலியும் மிச்சம்.

கல்லுக்கு என்ன செய்யலாம்

கட்டடத்தின் நெற்றியில் அவர் பெயர் பெரிதாக இருந்தால் அது பதிவு இல்லை, பாராட்டு. அதை எடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் என்ரான் கம்பெனி 2001-ல் கவிழ்ந்ததும், ஹூஸ்டன் பேஸ்பால் அணி 2002-ல் பணம் கொடுத்துப் பெயர் உரிமையைத் திரும்ப வாங்கி "என்ரான் ஃபீல்டு" என்ற பெயரை மைதானத்திலிருந்து எடுத்தது. வலி மாத்திரை விவகாரத்தில் சிக்கிய சாக்லர் குடும்பத்தின் பெயரைப் பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் 2019-லும், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் 2021-லும் காட்சிக்கூடங்களிலிருந்து எடுத்தன. நம் ஊரில் முகப்பு எழுத்து பெரும்பாலும் சிமென்ட்டிலோ, ஸ்டீலிலோ, பெயின்ட்டிலோதான். மேஸ்திரியோ பெயின்டரோ போதும், என்னைத் தேட வேண்டாம்.

உள்ளே இருக்கும் திறப்பு விழாக் கல்லை அப்படியே விட்டு, பக்கத்தில் மேலே சொன்ன வாசகத்தோடு இரண்டாவது கல் வையுங்கள். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். பழைய கல்லின் அதே அகலம், அதே எழுத்து அளவு. சின்ன எழுத்தில் வெட்டி மூலையில் வைத்தால் பழைய கல்லுக்கு அடிக்குறிப்பு மாதிரி ஆகிவிடும்.

அடைமொழி வரி மட்டும் உறுத்துகிறது என்றால், அந்த வரியின் மேல் பித்தளைத் தகடு ஒன்றைத் திருகாணியில் பொருத்தலாம். அதில் தீர்மானத் தேதியைப் பொறித்துவிடுங்கள், வெறும் தகடு வேண்டாம். மேல்முறையீட்டில் விடுதலை ஆகிவிட்டால் திருகாணியைக் கழற்றினால் போதும்.

கல்லை எடுத்தே ஆக வேண்டும் என்று பொதுக்குழு சொன்னால், சுற்றியுள்ள சிமென்ட்டை முதலில் வெட்டுங்கள். நெம்பினால் மூலை தெறிக்கும். முழுசாக வந்தால் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பாலிஷ் பண்ணிப் புது வாசகம் வெட்டித் தருகிறேன். பழைய எழுத்து சுவர்ப்பக்கம் பத்திரமாக இருக்கும். பழைய கோயில்களிலும் திருப்பணியின்போது எழுத்துள்ள கல்லைத் தலைகீழாக வைத்துக் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். பின்னால் வந்தவர்கள் அதையும் கழுத்தைச் சாய்த்துப் படித்துவிட்டார்கள்.

கல்லில் கைவைத்தால் பாவம் என்று பயப்படுகிறவர்களும் வருகிறார்கள். பழைய கல்வெட்டுகளின் கடைசியில், இந்தத் தர்மத்துக்குக் கேடு செய்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று எழுதியிருக்கும் அல்லவா, அதை நினைத்து. நன்றாகப் படித்துப் பாருங்கள். சாபம் தர்மத்தை அழிப்பவனுக்கு. கொடுத்தவன் புகழைக் குறைப்பவனுக்கு இல்லை. பிள்ளைகள் கலையரங்கத்தில் ஆடட்டும், நூலகத்தில் படிக்கட்டும். அது நிற்கும்வரை தர்மம் நிற்கிறது.

அடுத்த முறை பட்டம் கொடுக்கும் முன் மினிட்ஸ் புத்தகத்தில் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "பொதுக்குழு விரும்பினால் இப்பட்டத்தைத் திரும்பப் பெறலாம்." நன்கொடையாளரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கோபித்துக்கொண்டு எழுந்து போகிறவர் போகட்டும்.

என்னிடம் வருவதாக இருந்தால் தீர்மான நகலில் தலைவர், செயலாளர் இருவர் கையெழுத்தும் சங்க முத்திரையும் இருக்க வேண்டும். பழைய கல்லின் நீளம், அகலம், கனம் மூன்றையும் அளந்து வாருங்கள், சுவரோடு சேர்த்து ஒரு போட்டோவும் வேண்டும். வாசகத்தைப் பேப்பரில் எழுதித் தாருங்கள், வாட்ஸ்ஆப் குரலில் அனுப்பினால் வெட்ட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பட்டறை கிடையாது.